கோடையில் புற்றுநோய் ஆய்வு: சேலத்து மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் யாராவது ஒரு மாணவர் என் அறை வாசலில் வந்து நிற்பார். "சார், மே மாதம் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. புற்றுநோய் பற்றி ஏதாவது ஆய்வு செய்யலாம் என்று இருக்கிறேன்" என்பார். அந்த ஆர்வத்தைக் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "உட்காரப்பா, அடுத்த கோடைக்கு இப்போதே தொடங்கலாம்." எட்டு வார ஆய்வுக்குப் பின்னால் எட்டு மாத வேலை இருக்கிறது. அதில் பெரும்பகுதி சேலத்தில் வெயில் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதைத் தாமதமாகப் புரிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதல் படி: எந்தக் கதவைத் தட்டுவது

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் உதவித்திட்டம் இருக்கிறது. கல்லூரிகளில் எல்லோரும் எஸ்.டி.எஸ். என்றே சொல்வார்கள். 1979இல் தொடங்கிய திட்டம். ஆய்வுக் காலம் இரண்டு மாதம். உங்கள் கல்லூரியிலேயே முழுநேர ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகப் பிடிக்க வேண்டும். ஒரு வழிகாட்டி அந்த ஆண்டில் ஒரு மாணவரைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே நல்ல ஆசிரியர்கள் தீபாவளிக்குள் 'முன்பதிவு' ஆகிவிடுகிறார்கள். அறிவிப்புத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் ஆகஸ்டிலிருந்தே கழகத்தின் இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும். உதவித்தொகை கையில் வருவது இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான். அதை நம்பி விடுதிக் கட்டணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நீங்கள் அனுப்பும் ஆய்வு முன்வரைவுக்குள் உங்கள் பெயரோ, வழிகாட்டியின் பெயரோ, கல்லூரியின் பெயரோ எட்டிப் பார்க்கக் கூடாது. மதிப்பிடுபவருக்கு ஆள் தெரியக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. ஒப்புதல் படிவத்தின் தலைப்பில் கல்லூரி முத்திரையை அப்படியே விட்டுவிட்டு நல்ல முன்வரைவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

செவிலியம், மருந்தியல், இயன்முறை, ஆய்வகத் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு இந்தக் கதவு இல்லை. அவர்கள் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவியைப் பார்க்கலாம். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆய்வுத் திட்டமும் உண்டு. உங்கள் படிப்பு அதன் தகுதிப் பட்டியலில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் அமையாவிட்டால் பணமில்லாமல், சொந்தக் கல்லூரியின் அனுமதியோடு செய்யுங்கள். ஒரு பதிவேட்டு ஆய்வுக்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் செலவுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் கோடைகாலப் புற்றுநோய் ஆய்வுப் பயிற்சிகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அங்குள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனம் கல்வி நல்கை கொடுத்து, மருத்துவம், செவிலியம், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களைக் கோடையில் ஆய்வுக் குழுக்களில் சேர்த்துப் பழக்குகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த நல்கையில் நடப்பவை பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். விண்ணப்பத்தில் நேரத்தைச் செலவிடும் முன் தகுதிப் பகுதியைப் படித்துவிடுங்கள். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: ஒரு மாணவர், ஒரு வழிகாட்டி, ஒரு கேள்வி, வாரம் ஒரு சந்திப்பு என்ற ஒழுங்கு. அதற்கு விசா வேண்டியதில்லை.

இரண்டாம் படி: வழிகாட்டியைப் பிடிப்பது

புகழ் பெற்ற பேராசிரியரைத் தேடிப் போகாதீர்கள். வாரம் அரைமணி நேரம் உங்களோடு உட்காரக்கூடிய உதவிப் பேராசிரியர் போதும். புற்றுநோய் என்றதும் புற்றுநோய்த் துறையை மட்டும் நினைக்க வேண்டாம். நோயியல், காது மூக்கு தொண்டை, மகப்பேறு, அறுவைச் சிகிச்சை, பல் மருத்துவம், சமூக மருத்துவம் என எல்லா இடத்திலும் நோயாளிகள் முதலில் வந்து நிற்கிறார்கள். 1986இல் தொடங்கிய நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியானாலும் ஊரைச் சுற்றியுள்ள தனியார் கல்லூரிகளானாலும் நிலைமை இதுவேதான்.

வெறுங்கையோடு போகாமல், ஒரே பக்கத்தில் கேள்வி, யாரிடம் கேட்பது, எப்படி அளப்பது என்று எழுதிக்கொண்டு போங்கள். அதற்கு முன் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணையவழியில் நடத்தும் ஆய்வு அடிப்படைப் பாடத்தைப் பார்த்துவிடுங்கள். மாதிரி அளவு (எத்தனை பேரை ஆய்வது), சார்புப் பிழை (முடிவை ஒரு பக்கம் சாய்த்துவிடும் பிழை) என்ற சொற்களைக் கேட்டதும் விழிக்காமல் இருந்தாலே ஆசிரியர் பாதி சம்மதித்துவிடுவார்.

மூன்றாம் படி: கேள்வியை வெட்டுவது

ஆய்வு பிழைப்பதும் சாவதும் இங்கேதான். முதலில் வரும் கேள்விகள் எல்லாம் மலையளவு இருக்கும். "மேக்னசைட் சுரங்கத் தூசியால் சேலத்தில் புற்றுநோய் வருகிறதா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் தூசிக்கும் நோய்க்கும் இடையில் பல பத்தாண்டுகள் ஓடக்கூடும். யார் எவ்வளவு தூசியைச் சுவாசித்தார் என்ற கணக்கும் வேண்டும். எட்டு வாரத்தில் அது நடக்காது.

"சேலத்தில் எந்தப் புற்றுநோய் அதிகம்?" என்பது இன்னொன்று. மருத்துவமனைப் பதிவேட்டை எண்ணினால் அந்த மருத்துவமனைக்கு யார் வருகிறார்கள் என்றுதான் தெரியும். ஊரில் எவ்வளவு பேருக்கு நோய் என்பது தெரியாது. விகிதம் சொல்ல, ஒரு பகுதி மக்களில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் குறித்துவைக்கும் மக்கள்தொகைப் பதிவகம் வேண்டும். இந்தியாவில் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் தொடங்கியது அதற்காகத்தான். சென்னைப் பதிவகத்தை அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்துகிறது. திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கையில் கிராமப்புற மக்களுக்கான பதிவகம் நடந்திருக்கிறது. இந்தப் பதிவகங்களின் அறிக்கைகளைப் படித்துவிட்டு உங்கள் முன்னுரையில் பயன்படுத்துங்கள். நீங்களே பதிவகமாக மாற முயல வேண்டாம்.

பெரிய கேள்விக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று அறிய திண்டுக்கல்லையே பாருங்கள். வெறும் கண்ணும் அசிட்டிக் அமிலமும் கொண்டு கருப்பைவாயைச் சோதித்தால் சாவு குறையுமா என்ற கேள்வியோடு 114 ஊராட்சிகளில் ஆய்வு நடந்தது. சோதனைப் பிரிவில் 49,311 பெண்கள். அவர்களில் 31,343 பேர் சோதிக்கப்பட்டார்கள். சோதித்தது பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007இல் வெளியான முடிவு: மற்றப் பிரிவோடு ஒப்பிட்டால் சோதனைப் பிரிவில் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. நம் பக்கத்து மாவட்டங்களைப் போன்ற ஊர்களில், செவிலியர்களின் கையால் நடந்த வேலை என்பது எனக்கு இன்றைக்கும் பெருமை. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளும் பெரும்படையும் தேவைப்பட்டன. உங்களிடம் இருப்பது நாற்பத்தெட்டு வேலை நாட்கள்.

அந்த நாட்களுக்குள் அடங்கும் கேள்வி எப்படி இருக்கும்? வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் பாக்குத் தோப்புகள் நிறைந்த மாவட்டம் இது. புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியது. பாக்கு மெல்பவர்களின் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று ஒரு பல் மருத்துவ மாணவர் வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்க்கலாம். கதிர்வீச்சுச் சிகிச்சையில் இருப்பவர்களின் வாய்ப்புண் வாரா வாரம் எந்தத் தரத்துக்கு ஏறுகிறது என்று, 0 முதல் 4 வரையுள்ள உலகச் சுகாதார நிறுவன அளவுகோலில் ஒரு செவிலிய மாணவி குறித்துவரலாம். மார்பக அறுவைக்குப் பின் வரும் நோயியல் அறிக்கைகளில் கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்கள், விளிம்பு, ஹார்மோன் ஏற்பி எல்லாம் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. இதற்கு நோயாளியைச் சந்திக்கவே வேண்டாம்; கூச்ச சுபாவமுள்ள மாணவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எனக்குப் பிடித்த கேள்வி தாமதம் பற்றியது. வாயில் புண் வந்ததைக் கவனித்த நாளுக்கும் முதல்முறை மருத்துவரைப் பார்த்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள் போனது, ஏன் போனது? இதற்கான நாட்களை எப்படி வரையறுப்பது என்று 2012இல் ஆர்ஹஸ் அறிக்கை என்ற ஆவணம் தெளிவாக வகுத்துவிட்டது: முதல் அறிகுறி, முதல் சந்திப்பு, மேல் மருத்துவத்துக்கு அனுப்பிய நாள், நோய் உறுதியான நாள். அந்த நான்கு தேதிகளைச் சரியாகப் பிடித்தாலே ஒரு நல்ல ஆய்வு.

கல்லூரி மாணவர்களிடம் புகையிலை விழிப்புணர்வு பற்றிக் கேள்வித்தாள் கொடுக்கும் ஆய்வு மட்டும் வேண்டாம். புகையிலை கெடுதல் என்று எல்லோரும் டிக் அடிப்பார்கள். அடித்துவிட்டு வெளியே போய்ப் பற்றவைப்பார்கள்.

நான்காம் படி: எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் கிடைப்பார்கள்

எளிய சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: நான்கு பெருக்கல் பி பெருக்கல் க்யூ, வகுத்தல் டி வர்க்கம். பி என்பது எதிர்பார்க்கும் விழுக்காடு, க்யூ நூறில் மீதி, டி ஏற்கும் பிழை. மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்தவர்கள் 50 விழுக்காடு என்று வைத்து, 10 விழுக்காடு பிழையை ஏற்றுக்கொண்டால் 4 × 50 × 50 ÷ 100; அதாவது 100 பேர்.

இனி எதிர்ப்பக்கக் கணக்கு. அதை யாரும் போடுவதில்லை. ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) வாரத்தில் இரண்டு நாள் என்றால் எட்டு வாரத்தில் 16 நாள். ஒரு நாளைக்குப் புதிய வாய்ப்புற்றுநோயாளிகள் மூன்று பேர் வந்தால் மொத்தம் 48 பேர். நூறு பேருக்கு எங்கே போவது? 48 பேரை வைத்துச் செய்தால் பிழை ஏறத்தாழ 14 விழுக்காடாக ஏறும். அதை ஒப்புக்கொண்டு எழுதலாம். அல்லது பழைய பதிவேடுகளுக்குப் போகலாம். அல்லது கேள்வியை மாற்றலாம். எதைச் செய்வதானாலும் நவம்பரிலேயே ஓ.பி. பதிவேட்டைத் திறந்து, போன மே, ஜூனில் எத்தனை பேர் வந்தார்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடுங்கள். ஒரு மதியம் போதும்.

ஐந்தாம் படி: நெறிமுறைக் குழு

கல்லூரியின் நெறிமுறைக் குழு மாதாமாதம் கூடும் என்று எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாந்து போவீர்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று உறுப்பினர் செயலரின் அலுவலகத்தில் ஜனவரிக்குள் கேட்டுவிடுங்கள். எல்லாம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 தேசிய நெறிமுறை வழிகாட்டலின்படி இருக்க வேண்டும். பெயர் நீக்கிய பழைய பதிவேடுகளை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கு ஒப்புதல் பெறுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆனால் அந்த விலக்கைத் தர வேண்டியது குழு. நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது.

ஒப்புதல் படிவம் தமிழில், பேசுவது போன்ற எளிய நடையில் இருக்கட்டும். எழுதி முடித்ததும் உங்கள் பாட்டிக்கோ விடுதிச் சமையல்காரருக்கோ படித்துக் காட்டுங்கள். "என்னப்பா சொல்கிறாய்?" என்று அவர் கேட்டால் திருத்துங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புற்றுநோய் ஆய்வுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகங்கள் அதைத் தொட்டுக்கொண்டு போய்விடுகின்றன. நோயாளிக்கே நோயின் பெயர் தெரியாது. மகன் தாழ்வாரத்தில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அப்பாவிடம் புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம், நீங்கள் எதையும் சொல்லிவிடாதீர்கள்" என்பார். உங்கள் கையிலோ 'வாய்ப்புற்றுநோய் பற்றிய ஆய்வு' என்று தலைப்பிட்ட படிவம். தலைப்பை மறைத்து ஒப்புதல் வாங்கினால் அது ஒப்புதல் ஆகாது. படித்துக் காட்டினால் ஒரு குடும்பம் மாதக்கணக்காகக் காத்துவந்ததை நீங்கள் ஒரு நொடியில் உடைத்துவிடுவீர்கள். நான் மாணவர்களுக்கு வைத்திருக்கும் விதி: சிகிச்சை தரும் மருத்துவரிடம், "இவருக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது?" என்று கேட்காமல் எந்த நோயாளியின் அருகிலும் போகக் கூடாது. நோயறியாதவர்களை ஆய்வில் சேர்ப்பதில்லை. எத்தனை பேர் இப்படி விடுபட்டார்கள் என்ற எண்ணிக்கையை அறிக்கையில் எழுதிவிடுகிறோம். சில சமயம் ஆய்வின் முடிவைவிட அந்த எண்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்திருக்கிறது.

ஏற்காட்டில் மலைக் கிராமங்களுக்குப் போய் ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் பிரிவில் வருவார்கள். நெறிமுறைக் குழு கூடுதலாகக் கேட்கும். ஊர்ப் பெரியவர்களின் இசைவும் வேண்டும். அது கிடைத்தாலும் தனிநபர் ஒப்புதலைத் தனியாக வாங்க வேண்டும். மே மாதம் அங்கே கோடை விழா. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் நிற்கும். பஸ்ஸில் இடம் கிடைக்காது. வீடுகளில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். மலையேறுவதாக இருந்தால் ஜூனில் ஏறுங்கள்.

ஆறாம் படி: அந்த எட்டு வாரம்

முதல் வாரத்தில் ஐந்து பேரிடம் மட்டும் கேட்டுப் பாருங்கள். கேள்விப் பட்டியலில் எந்தக் கேள்வி புரியவில்லை, எதற்கு எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்த ஐந்து பேரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது என் கதை. மாணவனாக இருந்தபோது வேறோர் ஊரில் ஒரு மருத்துவமனையில் பயாப்சி (திசுச் சோதனை) முடிவுகளையும் கேஸ் ஷீட்டுகளையும் ஒப்பிட்டு ஆய்வு செய்யக் கிளம்பினேன். நோயியல் துறையில் ஓர் எண்; பதிவறையில் வேறோர் எண். இரண்டையும் இணைக்கும் பதிவேடு எங்கேயும் இல்லை. பெயரை வைத்துத் தேடலாம் என்று பார்த்தால் ஒரே மாதத்தில் ஏழு 'லட்சுமி'. அதில் இருவருக்கு ஒரே வயது. எட்டு வாரத்தில் மூன்று வாரம் எண்களைப் பொருத்துவதிலேயே போனது. தொடங்கும் முன் ஒரே ஒரு நோயாளியின் காகிதங்களை வாசலிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்து பார்த்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். ஆகவே நீங்கள் முதல் நாளே அதைச் செய்யுங்கள்: ஓ.பி. சீட்டு, பயாப்சி எண், உள்நோயாளி எண், காப்பீட்டுத் திட்ட எண் என எந்த எண் எங்கே பிறக்கிறது, எங்கே மாறுகிறது என்று படம் வரைந்துகொள்ளுங்கள்.

தாமத ஆய்வு செய்பவர்கள் தேதி கேட்கும் கலையைக் கற்க வேண்டும். "புண் எப்போது வந்தது?" என்றால், "கொஞ்ச நாள் ஆகிறது" என்பார்கள். "மாரியம்மன் நோன்பிக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள், முகம் தெளியும். ஆடி நோன்பி, ஆடிப்பெருக்கு, தீபாவளி, பொங்கல், பங்குனி உத்திரம், உள்ளூர்த் தேர், பேத்தியின் காதுகுத்து என்று பண்டிகை நாள்காட்டி ஒன்றைக் கையில் தயாராக வைத்துக்கொண்டால் மாதத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். தறி ஓட்டுபவர்களிடம், "தீபாவளிக்குச் சேலை முடித்துக் கொடுத்தபோது புண் இருந்ததா?" என்று கேட்டால் இன்னும் துல்லியமாக வரும்.

தினமும் மாலை அன்றைய தாள்களைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை. ஒரு செய்திக்கு ஒரு நெடுவரிசை. பெயரும் தொலைபேசி எண்ணும் வேறு கோப்பில், கடவுச்சொல்லோடு. வார்டில் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு அனுப்புவது கூடவே கூடாது. வழிகாட்டியை வாரம் ஒருமுறை, அவர் மறந்தாலும் நீங்கள் மறக்காமல், பாருங்கள்.

ஒன்று மட்டும் மெதுவாகச் சொல்கிறேன். போன வாரம் உங்களோடு சிரித்துப் பேசியவர் இந்த வாரம் வராமல் இருக்கக்கூடும். அழுகை வந்தால் வரட்டும். வழிகாட்டியிடமோ நண்பரிடமோ சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: கணக்கும் எழுத்தும்

எபி இன்ஃபோ, ஜமோவி, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் எல்லாம் இலவசம். திருட்டு மென்பொருள் தேட வேண்டியதில்லை. தாமத நாட்களுக்குச் சராசரி போடாதீர்கள். ஐந்து பேர் 15, 20, 30, 45, 400 நாள் தாமதித்தார்கள் என்று வையுங்கள். சராசரி 102 நாள். அப்படித் தாமதித்தவர் ஐவரில் யாருமே இல்லை. வரிசையில் நடுவில் நிற்கும் எண், அதாவது நடுவெண், 30. அதைச் சொல்லுங்கள். அந்த 400 நாள் காத்திருந்தவர் ஏன் காத்திருந்தார் என்பதைத் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள்.

அறிக்கைக்கு ஸ்ட்ரோப் என்ற 22 அம்சப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினால் விடுபடாது. மேற்கோள்களைக் கையால் தட்டச்சு செய்யாமல் ஜோட்டெரோ போன்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துங்கள். எஸ்.டி.எஸ். அறிக்கைக்கான கடைசித் தேதியன்று இரவு பதினொரு மணிக்கு இணையதளம் தள்ளாடும். மூன்று நாள் முன்னதாகப் பதிவேற்றிவிடுங்கள்.

இதழில் வெளியிடும் ஆசை வந்ததும் வாட்ஸ்அப்பில் ஒருவர் வருவார்: பணம் கட்டினால் ஏழு நாளில் வெளியிடுவதாக. அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை ஆய்வு தொடங்கும்போதே பேசி ஒரு தாளில் எழுதிவிடுவது நட்புக்கு நல்லது.

கடைசியாக இரண்டு வேலை. முடிவை ஒரே பக்கத்தில், தமிழில், அட்டவணை இல்லாமல் எழுதி அந்த ஓ.பி.யின் செவிலியரிடமும் மருத்துவரிடமும் கொடுங்கள். தாமதத்துக்குக் காரணம் வலியில்லாத புண்ணைப் பல்வலி மருந்தோடு விட்டுவிட்டதுதான் என்று உங்கள் ஆய்வு சொன்னால், அந்தத் தாள் போக வேண்டிய அடுத்த இடம் ஊர் மருந்துக் கடை. பிறகு, எட்டு வாரம் உங்களுக்காகக் கட்டுக் கட்டாகத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்த பதிவறை ஊழியருக்கு ஒரு கூடை சேலம் குண்டு மாம்பழம். அதை ஜூனுக்குள் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பருவம் முடிந்துவிடும்.